உறை போட்ட கை

பூச்சி மருந்து அடிக்கிறவனைக் கட்டிக்கொண்டவள் பட்டாம்பூச்சிப் புழு வளர்க்க ஆசைப்பட்டால் வீடு விளங்குமா? விளங்கவில்லை. அவன் வேலைச்சட்டையை அறைக்குள் மாட்டியதில் முதல் தடவை வளர்த்த புழுக்கள் அத்தனையும் செத்தன. அன்றிலிருந்து சட்டைக்கு இடம் வாசல் ஆணி, அவனுக்கு இடம் கூடம். புழு இருக்கும் அறைப் பக்கம் அவன் போகவே கூடாது.

"உங்க நிழல் பட்டாலே அதுங்க செத்துடும்" என்று கரித்துக்கொட்டுவாள்.

"புருஷனைவிட புழு ஒசத்தியாப் போச்சா?"

"அதுங்க யாரையும் கொல்றதில்ல." கதவு படாரென்று சாத்திக்கொள்ளும்.

இந்த முறை ஆறு. ஒன்று டப்பா மூடியில் கூடாகி ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்தும் இன்னும் தின்றுகொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை தையல் கம்பெனியில் அவளுக்குக் கூடுதல் வேலை. அவன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். டப்பாவில் வெறும் காம்புகள். புழுக்கள் பசியில் தலையைத் தூக்கித் தேடின. அவனுக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட மாட்டோமா என்ற நப்பாசையும் இருந்தது. குளித்தான். சலவைச் சட்டை போட்டான். தன் வெறுங்கை படக்கூடாதென்று பையிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டி எலுமிச்சையில் தளிராகப் பார்த்துப் பறித்து அடுக்கினான்.

அவள் வந்தபோது, கக்கிச் சுருண்டு கிடந்த ஐந்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாக என்பார்களே, அப்படி.

"கை படக்கூடாதுன்னுதான் உறை போட்டேன்..."

"எந்த உறை?"

அவன் குனிந்து பார்த்தான். மருந்து கலக்குகிற உறை. பதினைந்து வருஷப் பழக்கம்.

"உங்ககிட்ட யாரு ஒத்தாசை கேட்டா?" என்றாள்.

பத்தாம் நாள் காலையில் அந்த ஒற்றைக் கூடு பிளந்தது. பட்டாம்பூச்சி வெகுநேரம் சிறகை உலர்த்திவிட்டுக் கிளம்பியது. ஜன்னலெல்லாம் கொசுவலை, வெளியே போக வாசல்தான் வழி. வாசலில் அவன், வேலைச்சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான். அது நேரே அவன் நெஞ்சைப் பார்த்து வந்தது.

"தள்ளுங்க!"

அவன் ஓடினான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு செருப்பு வாசலிலேயே கிடக்க, படியிறங்கித் தெருவில் ஓடினான். லட்சம் பூச்சியைக் கொன்றவன் ஒரு பூச்சிக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

அது கூரையைத் தாண்டிப் போன பிறகுதான் அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"என் மேல படல. பார்த்தியா?"

அவள் பார்த்தாள். செருப்பைக் காலால் வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.