பட்டியல் வாசித்தவன்

சித்தூரிலேயே கடனுக்கு ஆலோசனை சொல்கிறார்களாம். நான் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். சித்தூரில் டைட்டஸைத் தெரியாதவன் யார்? இருபது வருஷமாகச் சர்ச் சபைப் பொருளாளர், மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கர். அடுத்தவன் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் குதிப்பேன். என் கணக்கோ நாறிக்கொண்டிருந்தது.

மகள் ஸ்வீட்டிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். கல்விக் கடன் கேட்டுப் போனால், பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி நாப்பது சார். உங்க கையெழுத்துக்கு லோன் வராது" என்றார். திருப்பதியில் ஓர் இலவசக் கடன் ஆலோசனை மையத்தின் விலாசத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கும்போது கை கூசியது. வீட்டில் யாருக்கும் தெரியாது. "லோன் வந்துகினே இருக்குதும்மா" என்று மூன்று வாரமாக ஸ்வீட்டியிடம் புளுகிக்கொண்டிருந்தேன்.

மையத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூர்ச்சோண்டி சார்" என்றாள். யாரோ தெலுங்குக்காரி, தப்பித்தோம் என்று உட்கார்ந்தேன். நான் நீட்டிய கடன் ரிப்போர்ட்டில் பெயரைப் படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தமிழில் பேசினாள்.

"நான் கேசியா, அங்கிள். டெய்லர் சின்னப்பன் பொண்ணு."

அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

எங்கள் சபையில் ஜனவரி முதல் ஞாயிறு அன்று, சந்தா பாக்கி வைத்தவர்களின் பட்டியலைப் பொருளாளர் வாசிப்பார். அதோடு விட்டிருக்கலாம். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று சேர்த்தவன் நான். என் திமிர், வேறென்ன? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், சின்னப்பனுக்கு நாலு வருஷப் பாக்கி, ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆராதனை முடிகிறவரை அவரை நிற்கவைத்தேன். பக்கத்தில் இரட்டைச்சடைச் சிறுமி ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. "போனா போவட்டும்" என்று கமிட்டியில் சொன்னவனும் நான்தான்.

"இன்னா இன்னா கடன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க அங்கிள்."

இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், போன் ஆப்பில் மூன்று. எல்லாம் சபையில் நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டுமென்று மாடி கட்டிய லட்சணம். இருபது வருஷப் பழக்கம், பட்டியல் வாசிக்கிற அதே உரத்த குரலில் சொல்லிக்கொண்டு போனேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெல்ல சொல்லுங்க. வெளில ஆளுங்க உட்காந்துகினு இருக்காங்க."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை.

ஸ்கோரை அழித்துத் தருகிறேன் என்று ரமணா என்கிற புரோக்கர் எட்டாயிரம் வாங்கிப் போனதையும், ஸ்வீட்டியின் கல்விக் கடன் நின்றுபோனதையும் சொன்னேன்.

"காசு வாங்கிக்கினு யாராலயும் அழிக்க முடியாது அங்கிள். தப்பா ஏறினத நீங்களே இலவசமா மாத்தச் சொல்லலாம். சரியா ஏறினது, கட்டக் கட்டத்தான் மாறும்." எதை முதலில் கட்டுவது, யாரிடம் தவணையைக் குறைக்கக் கேட்பது என்று எழுதிக் கொடுத்தாள். அப்புறம், "ஆன்ட்டி பேர்ல கடன் எதுனா இருக்குதா?" என்றாள்.

"பொம்பளைங்க சுயஉதவிக் குழு, டுவாக்ராவுல வாங்கறா. ஒரு தவணை தவறினதில்ல."

"அப்ப ஸ்வீட்டி லோனுக்கு அவங்கள கையெழுத்துப் போடச் சொல்லி பேங்க்ல கேளுங்க, கிடைக்கும். ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்குங்க. மறைச்சு வாங்காதீங்க."

"உங்க நைனா..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்காரு. நீங்க வந்தத அவருக்குக்கூட சொல்ல மாட்டேன். இங்க வர்றவங்க பேரு வெளில போவாது."

அவள் திட்டியிருக்கலாம். மறுநாள் பேங்க்கில் கேட்டேன், சரி என்று ஃபாரம் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் என் பெண்சாதி மேரியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில், "இந்த வழியெல்லாம் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

"சின்னப்பன் பொண்ணு, கேசியா."

ஃபாரத்துக்கு நீட்டிய கையை மேரி இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு உங்கள உட்காரச் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. நாற்காலி இழுத்துப் போட்டுச்சு."

மேரி ஃபாரத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்து, கையெழுத்துப் போட்டாள். அதுவரை நான் அவள் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.