ஞாயிறு வேலை செய்த கால்சராய்

ஈவானுக்கு இடது தொடையில் சங்கிலி சுற்றும் இடம் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில், அவனுடைய கால்சராய் அவனில்லாமலே பாறையில் ஒன்பது அடி துளை போட்டது. வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல் குவாரியில் பாறை உடைப்பவனுக்கு உயிர் தொடையில்தான். உச்சியில் அறைந்த சங்கிலியைத் தொடையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கியபடி வெடிவைக்கத் துளை போட வேண்டும். மாதம் முடியுமுன் வலியென்று இறங்கியவனுக்கு அடுத்த மாதம் மேஸ்திரி பாறை ஒதுக்கமாட்டார். ஈவான் வீட்டில் ஆறு வாய்.

மதியத் தேநீர்க் கொட்டகையில் தலைவர் ஒருவரை வைத்து விவாதம் நடத்தி, முடிவைப் புத்தகத்தில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். அந்த வாரம், எந்தத் துணி சங்கிலியைத் தாங்கும் என்று பேசினார்கள். கார்டுராய் என்றான் ஈவானின் மச்சினன் எம்ரிஸ்.

"அந்த வரி ஒவ்வொண்ணுலயும் கல்தூள் குடும்பம் நடத்துமே, மச்சான்!" என்றான் ஈவான்.

கித்தான் என்றார் தலைவர் ஓவன்.

"நனைஞ்சா பலகையா விறைச்சுக்கும் பெரியவரே. உள்ள இருக்கறது காலு, பாய்மரமில்ல."

ஈவானின் கட்சி பஸ்டியன். நெருக்கி நெய்த தடித்த பருத்தி. முடிவு எட்டாததால், மூன்று துணியிலும் ஒவ்வொரு கால்சராய் எடுத்து, ஆளெடைக்குக் கல்சில்லு நிரப்பி, சனிக்கிழமை மாலை ஈவானின் பாறையிலேயே சங்கிலியில் தொங்கவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை கார்டுராய் வரிவரியாக உரிந்து கிடந்தது. கித்தான் மடிப்பில் வெடித்துக் கல்லைக் கொட்டியிருந்தது. ஈவானுடைய பழைய பஸ்டியன் அப்படியே தொங்கியது. அதன் பக்கத்தில் ஒன்பது அடித் துளை.

ஓவனுக்கு முகம் வெளுத்தது. "ஞாயித்துக்கிழமை, ஓய்வுநாளும் அதுவுமா வேலை பாத்திருக்கே! தொங்கவிட்ட நம்ம தலையிலதான் பாவம்." கையில்லாமல் எப்படிப் போட்டது என்று எம்ரிஸ் கேட்டான். அது விவாதப் பொருளில் இல்லை என்று தலைவர் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து ஈவானுக்குத் தொடை வலிக்கவில்லை. மனைவி லவ்ரி துவைக்கும்போது கால்சராயின் இடது கால் வெந்நீரில் சுருண்டு துடித்தது. "வலி பூரா இதுக்குள்ள போயிருச்சுய்யா," என்று அவள் மெதுவாகப் பிழிந்தாள்.

அதற்குப்பின் தினமும் கல்சில்லு நிரப்பிய கால்சராய் தொங்கியது, ஈவான் மேலே உட்கார்ந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டான். மேஸ்திரி துளையைத்தான் அளப்பார், தொங்கியது யாரென்று கேட்கமாட்டார். சனிக்கிழமைதோறும் மறக்காமல் இறக்கிவிடுவார்கள். பதினோரு வருடம் போயிற்று. அந்த முதல் ஞாயிறு கால்சராய்க்கு விடுபட்ட ஓய்வை ஒரு வேலைநாளில் கொடுக்கலாமென்றால், துளை குறைந்து பாறை போய்விடும். கொட்டகைப் புத்தகத்தில் அந்தத் திங்களன்று ஓவன் எழுதிய வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது: கால்சராய்க்கு ஈவான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி.