ஆல்டன் கோல்பர்னின் வலது கை

பள்ளிக்கூட வரி வேண்டாமென்று ஆல்டன் கோல்பர்ன் தூக்கிய வலது கை, பதினாறு வருடம் கழித்து அவரைப் புதைக்கும்போதும் தூக்கியபடியே இருந்தது.

தூக்கிய நாள் 1987ஆம் வருடம் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, நேரம் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு. வெர்மான்டில் எங்கள் ஆஷ்வெல் ஊரின் வருடக் கூட்டம் எப்போதும் அந்தக் கிழமையில்தான், பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில், மடக்கு நாற்காலிகளில் நடக்கும். அந்த வருடம் பள்ளிக்கூடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. கொதிகலன் ஓட்டையாகிவிட்டது, சின்ன வகுப்புகளுக்கு இருக்கிற இரண்டாவது ஆசிரியையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டாக வேண்டும். சரியென்று சொன்னால் எல்லார் வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி ஏறும். ஆல்டனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மூன்று பிள்ளைகளும் அங்கேயே படித்து முடித்து வெளியூரில் குடும்பமாகிவிட்டார்கள். பசுக்களை விற்றாயிற்று. மிச்சம் இருந்தது மேட்டிலிருந்த மேப்பிள் தோப்பு, வசந்தத்தில் அதன் சாற்றைக் காய்ச்சி விற்பதுதான் அவர் கண்ணில் படும் ஒரே காசு. வரி ஏறினால் தோப்பை விற்க வேண்டியதுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் மனைவி லோர்னாவிடம், "பின்ன, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்காமலா?" என்றுதான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வாயால் கேட்பது எங்கள் வழக்கம். ஆம் என்பவர்கள் கத்தினார்கள், ஆல்டனும் கத்தினார், லோர்னா பக்கத்தில் இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினார். இல்லை என்பதும் அதே சத்தத்தில் வந்தது. எது பெரிசென்று பிரிக்க முடியாமல் சபைத் தலைவி ஹெஸ்டர் விலாக் கைகளை எண்ணிவிடலாம் என்றார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாஸ்டன் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்க விற்கும் மதியச் சாப்பாடு அது. லோர்னா எழுந்து ஓடினாள். ஆதரவுக் கைகள் உயர்ந்தபோது ஆல்டனின் கை முழங்காலிலேயே இருந்தது. நடுவழிக்கு அப்பாலிருந்த பக்கத்து நிலத்துக்காரர் ஆரின் டட்டில், எழுபத்தெட்டு வயதுக் கல்யாணமாகாத மனிதர், தன் கையைத் தூக்கியபடியே அந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு எதிர்க் கைகளைக் கேட்டார்கள். ஆல்டன் தூக்கினார். ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு ஐம்பத்தொன்பது என்று ஹெஸ்டர் கரும்பலகையில் எழுதினார். எல்லாக் கைகளும் இறங்கின, ஒன்றைத் தவிர.

கோட்டு எங்கேயோ மாட்டிக்கொண்டது என்றுதான் ஆல்டன் நினைத்தார். இடது கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். கூட்டம் சாப்பாட்டு வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. லோர்னா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எண்ணி முடிச்சாச்சு ஆல்டன், கைய எறக்கு."

"எறங்க மாட்டேங்குது."

"எதுக்குத் தூக்கின?"

அவள் பலகையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தான் ஓட்டுப் போடாமல் பானையைக் கிளறிக்கொண்டிருந்ததையும் நினைத்துக்கொண்டாள். அன்று எல்லாருக்கும் இரண்டு கரண்டி பீன்ஸ் விழுந்தது, ஆல்டனுக்கு ஒன்று.

பள்ளத்தாக்கிலிருந்து வந்த டாக்டர் எலும்பிலும் நரம்பிலும் கோளாறில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு இருபத்தைந்து டாலர் வாங்கிக்கொண்டார். பிக்கப் வண்டியின் கூரையில் கை போகிற அளவுக்கு ஓட்டை போட்டுக்கொடுக்க மெக்கானிக்குக் கூலி பதினெட்டு டாலர். லோர்னா சட்டைகளின் தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்தாள், முழங்கை வரை வருகிற கம்பளி உறை ஒன்று பின்னினாள், ஆனால் அந்த வருடம் முழுவதும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பனி பெய்தால் உள்ளங்கையில் தேங்கும். சிட்டுக்குருவிகள் வந்து உட்காரும். ஊரில் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. 1952இல் தேவாலய மணி ஒரு குளிர்காலம் முழுக்கச் சத்தமே இல்லாமல் ஆடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவரோடு எதிர்த்துக் கை தூக்கிய மற்ற ஐம்பத்தெட்டுப் பேர்தான். அவர்கள் கைகள் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் இருந்தன. ஆல்டன் கடைக்குள் நுழைந்தால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் சாறு இறங்க ஆரம்பித்தது. ஒற்றைக் கையால் மரங்களில் சாறு பிடிக்கிற வாளியை மாட்ட முடியாமல் ஆல்டன் தோப்பில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஆரின் டட்டில் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். முதல் இருபது மரத்துக்கு இருவரும் சேர்ந்து வாளி மாட்டினார்கள்.

"எனக்குப் புள்ளையும் கெடையாது, குட்டியும் கெடையாது" என்றார் ஆரின், வாளியின் மூடியைத் தட்டிக்கொண்டே. "ஒன் மூணு பேரும் படிச்ச இருபது வருஷமும் கை தூக்கினேன். ஒரு தடவகூடத் தோள் வலிச்சதில்ல."

"குத்திக்காட்ட வந்தியா?"

"வாளி மாட்ட வந்தேன். அந்த இடது கையாவது உருப்படியா இருக்கா, இல்ல அதுவும் எங்கயாவது ஓட்டுப் போடப் போயிருச்சா?"

ஆல்டனுக்குத் தோள் வலித்தது. எப்போதும் இல்லை, காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது ஆரம்பித்து மாலை மணி வரை. ஜூன் மாதம் சின்ன வகுப்பு ஆசிரியை செலஸ்ட் தீபோவை ஊரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவள் புறப்பட்டபோது ஆல்டன் தபால் பெட்டியருகே நின்றிருந்தார். தூக்கிய கையைப் பார்த்து, தன்னை வழியனுப்பத்தான் நிற்கிறார் என்று நினைத்துவிட்டாள். காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "ரொம்ப நன்றி மிஸ்டர் கோல்பர்ன், ஒங்களயெல்லாம் மறக்க மாட்டேன்" என்று கையசைத்துவிட்டுப் போனாள். அவரால் பதிலுக்கு அசைக்கவும் முடியவில்லை, கையை மறைக்கவும் முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. இலையுதிர் காலத்தில் எட்டு வகுப்புகளையும் ஒரே அறையில் அடைத்தார்கள். பெரிய பிள்ளைகளின் கணக்குக்கு நடுவே முதல் வகுப்பில் இருந்த ஆறு பேரைக் கவனிக்க ஆளில்லை, கிறிஸ்துமஸ் வந்தும் அந்த ஆறு பேரும் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. இதை லோர்னா சாப்பாட்டு மேசையில், உப்பை எடுத்துக்கொடுக்கும் குரலில் சொன்னாள். ஆல்டனுக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடப் பக்கம் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு, சுற்றுவழியாக ஆறு மைல் கூடுதலாகப் போய் வந்தார்.

அடுத்த மார்ச்சில் பள்ளிக்கூடம் அதையே மறுபடி கேட்டது. வாய்க் குரல்கள் மறுபடி சமமாக வந்தன. ஹெஸ்டர் ஆதரவுக் கைகளைக் கேட்டபோது ஆல்டனின் கை மேலே இருந்தது. எதிர்க் கைகளைக் கேட்டபோதும் மேலேயே இருந்தது. எங்கள் ஆளை எண்ணாமல் எப்படி விடலாம் என்று பின்வரிசையிலிருந்து எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். ஹெஸ்டர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். ஒரு கைக்கு ஒரு ஓட்டுதான், இறங்காத கையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அவரை விட்டு எண்ணினால் அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று, சமமானால் தீர்மானம் தோற்றது. ஆல்டன் எழுந்து வாயால் சொல்லட்டும் என்று ஹெஸ்டர் முடிவு செய்தார்.

பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. லோர்னா நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆல்டன் எழுந்தார். தோப்பின் பெரிய மரங்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனியாக ஞாபகம் வந்தன.

"போன வருஷம் ஆமுன்னு கத்தினேன். லோர்னா சமையக்கட்டுக்குப் போனதும் வேணாமுன்னு கையத் தூக்கினேன். அவ போகட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"கேட்டது இந்த வருஷத்து ஓட்டு, ஆல்டன்" என்றார் ஹெஸ்டர்.

"இந்த வருஷம் ஆம்."

ஹெஸ்டர் பலகையில் அறுபத்திரண்டு என்று எழுதினார். கைதட்டக்கூட மறந்து எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஆல்டன்கூட, விழுந்தால் தாங்கிக்கொள்ள இடது கையைத் தயாராக வைத்திருந்தார். அரை நிமிடம் போயிற்று. கை இறங்கவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆனால் நியாயம்தான் என்றும் பட்டது. செலஸ்ட் தீபோ மெய்ன் மாநிலத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அந்த ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போனது போனதுதான். லோர்னா அவர் தட்டில் இரண்டு கரண்டி கரிந்த பீன்ஸைப் போட்டாள்.

வெளியே சேற்றில் ஆரின் காத்திருந்தார். "தோள் வலிக்குதா?"

ஆல்டன் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஆரின் தன் வண்டியைக் கிளப்பினார்.

அந்த இலையுதிர் காலத்தில் மேட்டுத் தோப்பைக் கனெக்டிகட்காரர் ஒருவர் வாங்கினார். வேலிக்கு அப்பாலிருந்து ஆல்டனைப் பார்க்கும்போதெல்லாம் அவரும் உற்சாகமாகக் கையைத் தூக்குவார், ஊரில் யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளுக்குப் புது ஆசிரியை வந்தாள். உணவுப் பானைகளை ஓட்டு எண்ணிக்கை முடிந்த பிறகே அடுப்பில் ஏற்றுவது என்று ஊர் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் பள்ளிக்கூட வரியின் ஆதரவுக் கைகளைக் கேட்கும்போது, மற்றவர்கள் தூக்குவதற்கு முன்பே ஹெஸ்டர் மூன்றாம் வரிசையைப் பார்த்து "ஒன்று" என்பார்.

ஆல்டன் 2003 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார். தச்சர் சவப்பெட்டியின் மூடியில் புகைபோக்கி மாதிரி ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்து அடித்தார், கூடுதல் பலகைக்கு நாற்பது டாலர். இரண்டு மாதம் கழித்துக் கூட்டம் நடந்தபோது மூன்றாம் வரிசையில் லோர்னாவுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஹெஸ்டர் ஆதரவுக் கைகளைக் கேட்டார், பழக்கத்தில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து "ஒன்று" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எதிர்க்கிறவர்கள் உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை. லோர்னா தன் கையைத் தூக்கினாள், ஹெஸ்டர் அவளைப் பார்த்து "இரண்டு" என்று எண்ணிக்கையைத் தொடர்ந்தார்.