பேராசிரியர் நோவின் மேற்கோள்கள்

கொரிய எழுத்தில் எழுதினால் நோ ப்யோங்-இக்கின் குடும்பப் பெயரில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தகராறு. அவருடைய அப்பா என், ஓ, எச் என்று மூன்றெழுத்தாகப் போட்டவர். மகனோ முதல் கட்டுரையை அனுப்பும்போதே, கடைசி எழுத்து வால் மாதிரி தொங்குகிறது என்று வெட்டிவிட்டார். மனைவி அன்றைக்கே கேட்டாள்: "ஏங்க, இங்கிலீஷ்ல 'இல்லை'ன்னு பேரு வெச்சுக்கிட்டு யாராவது உருப்படுவாங்களா?"

உருப்படத்தான் இல்லை. தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் தலைவர். எலிகளுக்கு மறதி எப்படி வருகிறது என்பது அவருடைய துறை. கட்டுரைகளுக்குக் குறைவில்லை. எழுதுவது மாணவர் பாடு, கடைசியில் பெயரைச் சேர்த்துக்கொள்வது அவர் பாடு. ஆனால் அவற்றை மேற்கோள் காட்டியவர்களும் பெரும்பாலும் அதே மாணவர்கள்தான். பாவம், பட்டம் வாங்க வேண்டுமே!

இந்த வசந்தத்தில் காற்று திசை மாறியது. உலக ஆராய்ச்சியாளர்களை யார் யார் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லும் புது இணையதளம் ஒன்று முளைத்தது. அதில் மூளைத்துறையின் முன்வரிசையில் நம்மவர்! பல்கலைக்கழகம் விடுமா? வாசலில் அவர் படத்தோடு பேனர் தொங்கியது. ஓய்வு வயதைத் தாண்டியும் உட்காரலாம் என்ற சிறப்புப் பேராசிரியர் நாற்காலியும் தயாரானது. ஆய்வுக்கூடமே திரண்டு பன்றி இறைச்சி வாட்டித் தின்றது. பெரியவர் எதிரே குடிக்கும்போது காட்டும் மரியாதையாக, மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோஜு மது குடித்தார்கள். சிலர் சிரிப்பை மறைக்கவும் அது வசதியாக இருந்தது.

மறுநாள் அவருடைய கூடத்தின் ஒப்பந்த ஆய்வாளர் பியோ உன்-சோல் அவர் அறைக்கு வந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மேற்கோள் பட்டியல்ல இதழோட எண்ணுக்கு முன்னால என், ஓ சேர்த்து 'நோ'ன்னு போடுவாங்கல்ல, நோ மூணு, நோ நாலுன்னு? நம்பருக்குச் சுருக்கம்."

"அதுக்கென்னம்மா?"

"அந்த மெஷின் அதெல்லாம் உங்க பேருன்னு எண்ணிடுச்சு."

"எல்லாத்தையுமா?"

"கோழிப்பண்ணைக் கட்டுரையிலகூட நீங்க இருக்கீங்க சார்."

முதலில் அவளைத் திட்டினார். பிறகு பயந்தார். பயம் அடங்கியதும் ஓர் ஆசை எட்டிப்பார்த்தது. தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டால்? "எண் கிடக்கட்டும் ஐயா, உங்க வேலை பேசும்" என்று பல்கலைக்கழகத் தலைவர் தழுதழுக்க மாட்டாரா? அடக்கமான முகம் ஒன்றைக் கண்ணாடியில் பழகிக்கொண்டு கிளம்பினார்.

பல்கலைக்கழகத் தலைவர் மெங் தே-ஹ்வான் பொறுமையாகக் கேட்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும், புரொஃபசர்?"

"என் ஆய்வாளர் ஒருத்திக்கு மட்டும்."

"அவளோட ஒப்பந்தத்தை நீட்டிச்சிடுங்க. உங்களால நம்ம ரேங்க் நாப்பது இடம் ஏறியிருக்கு. இறக்கவா சொல்றீங்க?"

"அது பொய்யாச்சே சார்!"

"நாமளா சொன்னோம்? மெஷின் சொல்லுது. அடுத்த வருஷம் ஆள் எடுக்கும்போது உங்க குடும்பப் பேர்க்காரங்களா ரெண்டு பேரைப் போடலாம்னு பாக்குறேன். கணக்குத் துறையா இருந்தாலும் சரி, கால்நடைத் துறையா இருந்தாலும் சரி."

நோவுக்கு முகம் சுருங்கியது. நாற்காலிக்கு இனி ஆபத்தில்லை, சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனாலும் எழுந்திருக்காமல் கேட்டார்.

"எண்ணை விடுங்க சார். என் வேலைக்காகத்தானே இந்தப் பதவி?"

"எந்த வேலை?"

"மறதி பத்தி..."

"ஒளிவுமறைவு எதுக்கு, நான் படிச்சதில்லை. இந்தக் கட்டடத்துல யாரும் படிச்சதில்லை. நீங்களாவது படிச்சிருப்பீங்கல்ல? கடைசிக் கட்டுரையில என்ன கண்டுபிடிச்சீங்க, சொல்லுங்க கேப்போம்."

நோ வாயைத் திறந்தார். தலைப்பில் எலி இருந்தது. எழுதியது உன்-சோல் என்பதும் ஞாபகம் இருந்தது. என்ன கண்டுபிடித்தோம் என்பது மட்டும் எவ்வளவு துழாவியும் அகப்படவில்லை.

மெங் எழுந்து வந்து அவர் தோளில் தட்டினார்.

"பரவாயில்ல விடுங்க. திங்கட்கிழமை பதவியேற்பு. என்ன பேசணும்னு அந்த ஆய்வாளர் பொண்ணையே எழுதித் தரச் சொல்லுங்க."