நிற்கிற வண்டி

"முதல்ல நான் ஏறுவேன், அப்புறம்தான் பிள்ள" என்று ஒடால்மிஸ் சொன்னதும், தெருச் சரிவின் அடியில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த நால்வரும் காய்களைக் கீழே வைத்துவிட்டார்கள். சாந்தியாகோவில் ஞாயிற்றுக்கிழமை டோமினோ நிற்க வேண்டுமானால் புயல் வர வேண்டும். இல்லையென்றால் ஒடால்மிஸ் போன்ற ஒருத்தி மோட்டார் வைத்த சைக்கிளின் பின்சீட்டில் ஏற வேண்டும்.

"அக்கா, அது சைக்கிள், லாரி இல்ல!" என்று கத்தினான் அந்த நால்வரில் ஒருவனான பசீலியோ.

"ஒன் வேலையப் பாருடா. நாளைக்கு எம் பொண்ணு ஏறப்போற வண்டி இது."

மகள் மைலின் வயலின் படிக்கும் பள்ளி மேட்டுக்கு அப்பால் இருந்தது. பஸ் வருவதே இல்லை. மைலின் இனியும் வகுப்புக்கு வராவிட்டால் அவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று ஆசிரியை சொல்லிவிட்டாள். அதனால்தான் ஒடால்மிஸின் கணவன் நோர்ஹெலிஸ், பனாமாவிலிருந்து தங்கை மலிவாக வாங்கி வந்த மோட்டாரைத் தன் சைக்கிளில் மாட்டியிருந்தான். ஊரில் எல்லோரும் செய்வதைப்போல, பெட்டியோடு வந்த போல்ட்டுகளை முதல் வேலையாகத் தூக்கி எறிந்தான். இறுக்கினால் கழுத்து முறிகிற ரகம் அவை. செத்துப்போன ரஷ்ய வாஷிங் மெஷினைப் பிரித்து, அதன் போல்ட்டுகளைப் போட்டிருந்தான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

நோர்ஹெலிஸ் இரண்டு மிதி மிதித்ததும் மோட்டார் பற்றிக்கொண்டது. சரிவில் வண்டி பறந்தது. ஒடால்மிஸுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இப்ப பிரேக்கப் பிடி!"

பிடித்தான். பிரேக் கீச்சென்று கத்தியதே தவிர, வண்டி நிற்கவில்லை. மோட்டாரை அணைத்தான், அப்போதும் நிற்கவில்லை. டோமினோக்காரர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒடால்மிஸ் இரண்டு காலையும் தரையில் ஊன்றி அழுத்தினாள். லாரி டயரில் வெட்டிய செருப்பு, தீய்ந்த நாற்றத்தோடு தேய்ந்து தேய்ந்து வண்டியை நிறுத்தியது.

இறங்கிப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இந்த இடத்தில் மைலின் இருந்திருந்தால்?

"போறதுக்கு எல்லாத்தையும் பாத்தியே. நிக்கிறதுக்கு என்னய்யா பாத்தே?"

"பிரேக்கோட ரப்பர்க் கட்ட, பாக்கெட்ல புதுசா, பளபளன்னு இருந்துச்சுடி…"

பளபளப்பாகத்தான் இருந்தது, சோப்புத்துண்டு மாதிரி. அவள் வலது செருப்பைக் கழற்றி அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு தேய்ந்தும் இன்னும் ஒரு விரல் கனம் இருந்தது. அதை அவனிடம் நீட்டினாள்.

"இத வெட்டு."

வெட்டினான், பிரேக்கில் பொருத்தினான். இரண்டாவது ஓட்டத்தில், பாதிச் சரிவிலேயே வண்டி நின்ற வேகத்துக்கு அவள் மோவாய் அவன் முதுகில் இடித்தது. அவளுக்கு அதுவும் போதவில்லை. பசீலியோவிடம் வாளி கேட்டு வாங்கி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி, மழைக்கும் ஒருமுறை பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்றது, ஆனால் நின்றது.

பிறகுதான் மைலினைக் கூப்பிட்டாள். பிள்ளை வயலினை முதுகில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து ஏறிக்கொண்டது. ஒடால்மிஸ் சரிவின் அடிக்கு இறங்கிப்போய், நடுத்தெருவில், ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

"தள்ளி நில்லுடி!" என்று மேலேயிருந்து கத்தினான் நோர்ஹெலிஸ்.

"நீ வா!"

வண்டி இறங்கியது. டோமினோக்காரர்கள் மூச்சுவிடவில்லை. அவளும் அசையவில்லை. முன்சக்கரம் வந்து, அவளுடைய வெறுங்காலுக்குச் சற்று முன்னால், சத்தமே இல்லாமல் நின்றது. அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மைலின் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இன்னொரு தடவ!"