எதிரி குறைவு, தண்ணீர் அதிகம்

மூன்றாவது முறையாக வீடு இடிந்தது.

ஐரீன் அதைத் தடுக்கக்கூட முயலவில்லை. கைப்பேசித் திரையில், பன்றிக்கும் நண்டுக்கும் பிறந்தவை போன்ற அந்த ஜந்துக்கள் மரவேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவதை, யாருடைய வீடோ போகிறது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் அதே வீட்டைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தான் அவள் கணவன் பிராங்கிளின்.

“இன்னாமே பாத்துகினு நிக்கிற? கூரை மேல ஏறி அம்பு வுடு!”

“கூரை எங்கய்யா இருக்கு? அதான் போயிடுச்சே.”

“சரி, கெணத்தாண்ட ஓடு!”

“கெணறும் போயிடுச்சு.”

கடைசிச் சுவரும் விழுந்தது. பிராங்கிளின் போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தான். கண்டெய்னர் யார்டில் வாரம் முழுவதும் கிரேன் ஓட்டிக் காய்த்துப்போன கைகள் சும்மா கிடந்தன.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா ஸ்டெல்லா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். மூலையில் காய்ந்த கருவாட்டைப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

“பூசை முடிஞ்சி வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் செல்லுலயே மூஞ்ச வச்சினு கீறீங்க. காக்கா கருவாட்ட தூக்கினு போவுது, ஒரு தபா நிமுந்து பாக்கக் கூடாதா?”

“யம்மா, எங்க வூடே பூட்ச்சு. நீ கருவாட்டுக்கு அழுவுற.”

“இன்னாது? வூடு பூட்ச்சா?” ஸ்டெல்லாவின் கை நெஞ்சுக்குப் போனது.

“செல்லுலம்மா!”

“தூ, பேஜாரு புடிச்சவனே!” முறத்தோடு கருவாட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மருமகளைப் பார்த்து மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

ஐரீனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு வருடமாக இந்த மாடிதான் அவர்களுடைய தனியறை. கீழே ராயபுரத்துச் சந்து வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். ஒன்றில் பிராங்கிளினின் அண்ணன் இக்னேஷியஸ் தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் இருந்தான். இன்னொன்று மாமியார், டிவி, தையல் மிஷின், பிறகு இவர்கள். யாரும் யாருக்கும் கெட்டவர்கள் இல்லை. குளிக்கப் போகும்போதும் ஒருவர், தலை சீவும்போதும் ஒருவர், கணவனிடம் கோபப்படலாம் என்று வாய் திறக்கும்போதும் ஒருவர் எதிரில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

மாத்தூரில் வாடகைக்கு ஒரு மாடி வீடு இருந்தது. அவள் வேலை பார்க்கும் துறைமுகத்து ஏஜென்ட் ஆபீசில் கூட இருக்கும் ரூபினாவின் மாமா வீடு. போகலாமா என்று ஐரீன் பிராங்கிளினிடம் இரண்டு முறை கேட்டாள். “மாத்தூர்ல இன்னா கீது? கடக்காத்து வருமா? லாரி பொகதான் வரும்” என்று இரண்டு முறையும் அதே பதில். மூன்றாவது முறை கேட்க அவளிடம் தெம்பு இல்லை. இன்று சாயங்காலத்துக்குமேல் மாமா காத்திருக்க மாட்டார் என்று ரூபினா அனுப்பியிருந்த செய்தியைக் காலையில் அவனிடம் அப்படியே நீட்டினாள். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனார்கள்.

“இன்னொரு மேப்பு போட்லாம்” என்றான் பிராங்கிளின் இப்போது. “இந்தத் தபா எதிரிய சுத்தமா கொறச்சிடறேன்.”

புது உலகம் தொடங்கும்போது அந்த விளையாட்டு மூன்று கேள்வி கேட்கும். உலகம் எவ்வளவு பெரிது, தண்ணீர் எவ்வளவு, எதிரி எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, அதில் ஒரு புள்ளியை இழுத்து அளவு வைக்க வேண்டும். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. பிராங்கிளின் எப்போதும் உலகத்தைச் சிறிதாக வைப்பான். பெரிது வைத்தால் போன் திணறும். எதிரியைக் குறைவாக வைப்பான். தண்ணீரை மட்டும் கோட்டின் கடைசி வரை இழுத்துவிடுவான். அப்பா, தாத்தா எல்லாரும் கடலில் பிழைத்தவர்கள். கடல் இல்லாத இடத்தில் அவனுக்கு எந்தப் பக்கம் எது என்றே தெரியாது.

அவன் விரல் வழக்கம்போலத் தண்ணீரை இழுத்தது.

“அதை விடு” என்றாள் ஐரீன்.

“எத?”

“தண்ணிய. எதிரி எல்லாம் அதிகமா இல்லய்யா. எடம்தான் கம்மி.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் தன் போனைத் திறந்தாள். இரண்டாவது வீடு இடிந்தபின், போன வாரம் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அவள் சோதனைக்காகச் சில உலகங்களை உண்டாக்கிப் பார்த்திருந்தாள். அதில் இரண்டைக் காட்டினாள். ஒரே அளவு உலகம், எதிரியும் ஒரே அளவு, தண்ணீர் மட்டும் வேறு.

“மொதல்ல இந்த ஜந்துங்க கெளம்பி வர்ற புத்து எத்தனைன்னு கேம் முடிவு பண்ணிடுது. தண்ணி எவ்ளோன்னு அப்போ அது பாக்கறதே இல்ல. அப்புறம் எங்க தரை இருக்கோ அங்க கொண்டுபோய் வைக்குது. இதுல பாரு, புத்துக்குப் புத்து எவ்ளோ தூரம். நம்மள இறக்கி விடுற எடத்தச் சுத்தி வெறும் புல்லு. இது உன் மேப்பு. அதே புத்துங்கதான். ஆனா சுத்தி கடல், நடுவுல ஒரு துண்டு நெலம். காசிமேட்டுல ஞாயித்துக்கெழம மீன் ஏலத்துக்கு ஜனம் நிக்கிற மாதிரி நிக்குதுங்க. அதுங்க என்ன பண்ணும்? போக வேற எடமில்ல. நம்ம மேலதான் வந்து விழும்.”

இவ்வளவு பேசியதே அவளுக்குக் களைப்பாக இருந்தது. கீழே பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தமும், யாரோ எதையோ நகர்த்தும் சத்தமும் கேட்டன.

பிராங்கிளின் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அப்போ நா எதிரிய கொறச்சதுலாம் வேஸ்ட்டா?”

“வேஸ்ட்டு இல்ல. பத்தல.”

அவன் தன் போனை எடுத்தான். தண்ணீர்ப் புள்ளியை மெல்ல இடப்பக்கம் தள்ளினான். பாதியில் நின்றான். இன்னும் தள்ளினான். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்தினான்.

“இம்மாத்தூண்டாவது இருக்கட்டும்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “வேணுங்கறப்போ போய் பாத்துட்டு வர்லாம்ல?”

“இருக்கட்டும். நானும் வருவேன்.”

புது உலகம் திறந்தது. கண்ணுக்கு எட்டிய வரை பச்சைத் தரை. அதில் இரண்டு சின்ன உருவங்கள் கோடரியோடு நின்றன. ஐரீன் மரம் வெட்டப் போனாள். பக்கத்து உருவம் அசையவில்லை.

“அந்த ரூபினா மாமா, சாய்ங்காலம்னா எத்தன மணி வரிக்கும் இருப்பாரு?”

அவள் கோடரி பாதியில் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் உடம்பில் அதற்கான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. “இப்போ கெளம்பினா பாக்கலாம்.”

“பாக்கத்தான் போறோம். முடிவு இன்னும் பண்ல, இன்னா?”

“சரிய்யா, பாக்கத்தான்.”

கீழே டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்டெல்லா கேட்டாள். “எங்கடா சோடியா?”

ஐரீன் வாசலைப் பார்த்தாள். கடைக்கு என்று சொல்வான், இல்லை மெக்கானிக்கிடம் என்று சொல்வான் என்றுதான் நினைத்தாள்.

“மாத்தூர் வரிக்கும்மா. ஒரு வூடு பாக்க.”

ஸ்டெல்லா தையல் மிஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து, திரும்ப அங்கேயே வைத்தாள்.

“அங்க காத்து வருதான்னு பாரு” என்றாள். அப்புறம், “ராவிக்கு உங்க ரெண்டு பேருக்கும் சோறு வெக்கணுமா, வாணாமா?”

“வைங்க அத்தை” என்றாள் ஐரீன். “வந்துதான் சாப்பிடுவோம்.”

வாசலில் வீட்டார் எல்லோருடைய செருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவளுடைய ஒரு செருப்பு மேலேயே தெரிந்தது. இன்னொன்றை பிராங்கிளின் குனிந்து, குவியலைக் கலைத்து, அடியிலிருந்து தேடி எடுத்து அவள் காலருகே போட்டான்.