எத்தனை தாங்கும்

நெட் போட வந்தவர் மூன்றாவது பெட்டியை அம்மாவின் அலமாரி மேல் வைத்தார். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, இங்கே ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்புமாம். இந்த வீட்டில் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள அவையாவது வந்தனவே என்று நினைத்தேன். எல்லாம் தங்கை அனுப்பியது. அவள் என் கையிலிருந்த போனில், ஸ்பீக்கரில், தொலைதூரத்திலிருந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, தங்கை அம்மாவின் அறையில் ஒரு காமிராவை மாட்ட வைத்தாள். பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதில் பேசவும் முடியும். மாத்திரை போட்டியா, அந்தப் பக்கம் சாயாதே, ஏன் சாப்பாட்டை மிச்சம் வைத்தாய் என்று சுவர் அதட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மத்தியானம் அம்மா படுக்கையை நனைத்துவிட்டாள். யாரும் பார்ப்பதற்குள் தானே துணியை மாற்ற முயன்றிருக்கிறாள். "அம்மா, பெட்ல போயிட்டியா? அண்ணியக் கூப்பிடு" என்றது சுவர். ஹாலில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அதக் கழட்டிடுப்பா. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத. மனசு ஒடஞ்சு போயிடுவா."

கழற்றினேன். வீட்டில் சாமான்கள் அதிகமாகிவிட்டன, டிவி, வாஷிங் மெஷின், பிள்ளைகளின் லேப்டாப் எல்லாம் சேர்ந்து வைஃபை தாங்கவில்லை, ஒன்றை எடுத்தால்தான் மற்றவை ஓடும் என்று தங்கையிடம் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். அவள் சோற்றையே மாற்றி அனுப்பிவிட்டாள்.

"ஒரு சந்தேகம்," என்று தங்கை போனிலிருந்து நெட் போட வந்தவரைக் கேட்டாள். "பழைய பெட்டி எத்தனை தாங்கும்?"

அவர் மனிதர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். "அதுவே நாப்பது அம்பது தாங்கும்மா. எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ பாத்தாத்தான் திணறும். இந்த வீட்டுக்கு இருபதுகூட வராதே."

தங்கையின் குரல் இப்போது என் பக்கம் திரும்பியது.

"அப்ப டிவி இருக்கலாம், வாஷிங் மெஷின் இருக்கலாம், அம்மாதான் கூடுதல். இல்லண்ணா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் உண்மை தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். நான்தான் சொன்னேன் என்று அவள் சொன்னால் போதும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு ஒரு பக்கம் இடி, ஒரு பக்கம் மௌனம். மௌனம்தான் அதிகம் வலித்தது. அம்மா கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லு. உனக்குத் தெரியுமா இது?"

"எனக்கென்னம்மா தெரியும்," என்றாள் அம்மா. "அவன் என்ன செஞ்சாலும் சரிதான்."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

காமிராவை நானே எடுத்து வந்து பழைய ஆணியில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"தெரியுதும்மா! எவ்ளோ தெளிவா தெரியுற," என்றது சுவர். குரல் தழுதழுத்தது. "இனி யாரும் உன்ன மறைக்க முடியாது. எங்க, கையக் காட்டு."

அம்மா சிரித்தாள். வலது கையை உயர்த்தி ஆட்டினாள். பெட்டி வைக்க ஆள் வந்ததிலிருந்து நாங்கள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கட்டிலருகே போனபோதுதான் எனக்கு வாடை தெரிந்தது. அவளுடைய இடது கை, விரிப்பின் நனைந்த இடத்தின் மேல் போர்வையை அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை ஆடுவதை நிறுத்தவில்லை.